ஏரிக்கரை வாலாட்டி: அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். வலசை திரும்பும் பறவைகள் எங்கள் ஏரிப் பூங்காவில் இறங்கத் தொடங்கிவிட்டன. அவற்றில் ஒரு வாலாட்டி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பழக்கமுள்ளவர்கள் படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாணல் ஓரச் சேற்றில் தனியாக ஓடி ஓடிப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. தொண்டையும் மார்பும் வெளிர் மஞ்சள். கால்கள் கறுப்பு, ஆகவே சாம்பல் வாலாட்டி இல்லை, அதற்கு இளஞ்சிவப்புக் கால். மஞ்சள் வாலாட்டி என்று எழுதலாம் என்றால் முதுகில் பச்சைச் சாயலே இல்லை, முழுக்கச் சாம்பல். இறக்கையில் அகலமான இரண்டு வெள்ளைப் பட்டைகள். புருவத்திலிருந்து இறங்கும் மஞ்சள் கன்னத்தைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. இவையெல்லாம் சிட்ரின் வாலாட்டியின் பெண்ணுக்குப் பொருந்துகின்றன. ஆனால் வாலடி வெள்ளையா, மஞ்சளா என்பது எதிர்வெயிலில் தெரியவில்லை. மங்கிய மஞ்சள் வாலாட்டிகளும் சாம்பலாகத் தோன்றுமே என்பதுதான் என் தயக்கம்.

கன்ன வளையத்தையும் இறக்கைப் பட்டைகளையும் மட்டும் வைத்து உறுதி செய்யலாமா? பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் ஏற்றுமுன் தெரிந்தால் நல்லது.

கூடவே ஒன்று: கடைசிப் படத்தில் உள்ள ஆலா என்ற நீர்ப்பறவையின் வயிறு கறுப்பு, கன்னம் வெள்ளை. மீசை ஆலாதானே?

பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வாலாட்டியை அருகில் வரவழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் பறவையை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை.