தொலைந்த துப்பாக்கிகள்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் மாடி:

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி அலமாரியைத் துடைக்கும்போது ஸ்டார் வார்ஸ் படத்து வெள்ளைக் கவச வீரன் ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மையின் கையிலிருந்த துப்பாக்கி நழுவி விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. டார்ச் அடித்து, கட்டிலை நகர்த்தி, இரண்டு மணி நேரம் கழித்து முறத்தில் அள்ளி வைத்திருந்த குப்பைக்குள் கிடைத்தது. "ஒரு தீக்குச்சிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் மனைவி. அளவு என்னவோ தீக்குச்சி அளவுதான், பொம்மையே மூன்றே முக்கால் அங்குலம். ஆனால் கென்னர் என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி 1978இல் விட்ட ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் கை வெறுமையாக இருந்தால் ஒரு விலை, துப்பாக்கியோடு இருந்தால் வேறு விலை. பிள்ளைகள் பொம்மையைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள், துப்பாக்கியைத்தான் முதல் வாரத்திலேயே தோட்டத்தில் போட்டுவிட்டார்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு ஆள் ஒருவரிடம் ஸ்டார் வார்ஸ் இளவரசி லேயா பொம்மை வாங்கினேன், "துப்பாக்கி ஒரிஜினல்" என்று அடித்துச் சொன்னார். வந்ததைப் பார்த்தால் ஓரமெல்லாம் மழுங்கி, சோப்புத் துண்டு மாதிரி பளபளப்பு. தண்ணீர் டம்ளரில் போட்டேன், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் மிதக்கும், ரெசினில் வார்த்த நகல்கள் மூழ்கும். மிதக்கிற நகலும் இப்போது வந்துவிட்டது, அதனால் டம்ளரை மட்டும் நம்ப வேண்டாம். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "பழைய பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வரி பதில், அதோடு சரி.

துப்பாக்கி, வாள், அங்கி, ஸ்டாண்டு, எது சம்பந்தமாக இருந்தாலும் எழுதுங்கள். விலைப்பட்டியல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

ஒஹையோவில் ஒருவன்:

வேலை நிமித்தமாக நான்கு வருடம் சின்சினாட்டி பக்கத்தில் இருந்தேன். கென்னரின் சொந்த ஊர் அது என்பதே எனக்குப் போன பிறகுதான் தெரியும். சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் மேசை போட்டுப் பழைய சாமான் விற்பார்களே, அதைத் தெருத்தெருவாகப் பார்ப்பதுதான் எனக்கு அங்கே பொழுதுபோக்கு.

ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா ஷூ டப்பா நிறைய பொம்மை வைத்திருந்தார், இருபது டாலர் என்று ஸ்டிக்கர். எல்லாம் வெறுங்கை. துப்பாக்கி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சும்மாதான் கேட்டேன். உள்ளே போய் ஒரு பழைய மாத்திரை பாட்டிலைக் கொண்டுவந்து குலுக்கிக் காட்டினார். உள்ளே அத்தனையும் இருந்தது!

அவர் சொன்ன காரணம் இது. வேறொரு விண்கப்பல் பொம்மையின் குட்டி ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோன செய்தி அப்போது பேப்பரில் வந்ததாம். அதைப் படித்த அன்றே தன் பையன்களிடமிருந்து குட்டிச் சாமான் எல்லாவற்றையும் பிடுங்கி பாட்டிலில் போட்டு மூடிவிட்டார், திருப்பித் தரவே இல்லை. ஸ்டார் வார்ஸின் போபா ஃபெட் பொம்மையின் கதையும் இதே கதைதான் என்பது இங்கே பலருக்குத் தெரியும். மற்ற பொம்மைகள் வந்த அட்டையிலிருந்து நான்கு துண்டு வெட்டி அனுப்பினால் 1979இல் வீட்டுக்கு வரும், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரம் செய்தார்கள், கடைசியில் பயந்து ராக்கெட்டை ஒட்டியே அனுப்பினார்கள். பாயும் ராக்கெட்டோடு செய்துபார்த்த மாதிரிகளில் ஒன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன், இது இருபது டாலர் சமாச்சாரம் இல்லை, நன்றாக விசாரித்து விற்றுக்கொள்ளுங்கள் என்று. அவர் ஸ்டிக்கரைக் காட்டி, "எழுதியது எழுதியதுதான்" என்றார். நான் நாற்பது கொடுத்தேன், அதையும் யோசித்துத்தான் வாங்கினார். துப்பாக்கிகளை என் கைக்குட்டையில் கொட்டிவிட்டு பாட்டிலை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பூனை வளர்ப்பவள்:

முறத்தில் கிடைத்ததா? கொடுத்து வைத்தவர். என்னுடையது பூனை மணல் டப்பாவில் கிடைத்தது. மேல்விவரம் வேண்டாம்.

கொலுப்படி:

எங்கள் வீட்டில் ஒன்பது நாள் மட்டும்தான் என் பொம்மைகளுக்குக் கௌரவம். வருஷம் முழுக்க அலமாரியில் முன்வரிசை பின்வரிசையை மறைத்துக்கொண்டு நிற்கும், அதற்கென்று விற்கிற அக்ரிலிக் படிக்கட்டு வாங்க மனசு வரவில்லை. பாட்டியிடம் கேட்டேன், கீழ்ப்படியில் செட்டியார் கடைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். படி என்றால் கொலுப்படிதான், கடைசி வரிசையில் நிற்பவன் முகமும் தெரியும்.

டார்த் வேடரைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, "இது யாரு, மகிஷாசுரனா?" என்றார். பாட்டி அசரவில்லை, "அசுரன்தான், ஆனா கடைசியில திருந்திடுவான்" என்றார். எனக்கே தெரியாது அவர் என்னோடு உட்கார்ந்து படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று.

ஸ்டார் வார்ஸில் முக்காடு போட்டு வரும் குள்ளன் ஜாவா, அங்கி இல்லாமல் ஒன்று என்னிடம் இருந்தது, மலிவாகக் கிடைத்ததால் வாங்கினேன். பாட்டி பழுப்பு ரவிக்கைத் துணியில் ஒரு அங்கி தைத்துக் கொடுத்தார், முக்காடு சகிதம். கென்னரே முதலில் ஜாவாவுக்கு வினைல் (வளையும் பிளாஸ்டிக்) அங்கி போட்டு, சின்னப் பொம்மைக்கு அது மட்டமாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாறினார்கள். இன்று அந்த மட்டமான வினைலுக்குத்தான் அடிதடி, ஒபிவான் என்ற வேறு பொம்மையின் அங்கியை வெட்டி ஜாவாவுக்குப் போட்டு விற்கிற ஆட்களும் உண்டு. என் ரவிக்கை ஜாவாவை யாரும் போலி செய்ய முடியாது.

தொலைந்த கதையா? ஏழாம் நாள் கதாநாயகன் லூக் பொம்மையின் வாளைக் காணோம். வந்திருந்த குழந்தைகளை எல்லாம் சந்தேகப்பட்டுவிட்டேன், பாவம். மறுநாள் காலி சுண்டல் தொன்னைகளைத் தூக்கிப் போடும்போது ஒரு கொண்டைக்கடலையில் குத்தி நின்றுகொண்டிருந்தது.

வேலூர் வெயில்:

எங்கள் ஊர் வெயிலில் துப்பாக்கி தொலைவதற்கு முன் பொம்மையே படுத்துவிடும். மே மாதம் மாடி அறையில் வைத்திருந்த ஆறங்குலப் பொம்மைகள் எல்லாம் கணுக்காலில் வளைந்து, கள் குடித்தவன் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பாதத்து ஓட்டையில் முளை செருகும் ஸ்டாண்டு போதாது, இடுப்பைப் பிடிக்கும் கிளிப் உள்ளதாக வாங்குங்கள். வளைந்த காலைச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் அமுக்கி, நேராக்கிப் பிடித்துக்கொண்டே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அப்படியே நிற்கும். இதை டபராவில் செய்யாதீர்கள். அம்மா அந்த டபராவில் இன்றுவரை காபி குடிப்பதில்லை.

பழைய ஜோ:

ஸ்டார் வார்ஸ் எங்களுக்கு எட்டவில்லை, ஃபன்ஸ்கூல் கம்பெனி இந்தியாவில் விட்ட ஜி.ஐ. ஜோ படைவீரர் பொம்மைகள்தான். லேசர் துப்பாக்கி இருந்தது, எனக்கு அதுவே விண்வெளி. இரண்டு வருடம் முன்பு ஒரு அமெரிக்கர் எழுதினார், இந்தியாவில் செய்ததன் நிறமே தனி, அட்டையோடு இருந்தால் சொல்லுங்கள் என்று. பின்னட்டையில் வெட்டி எடுக்கச் சொன்ன, அந்தந்த வீரனைப் பற்றிய குறிப்பை நான் ஒழுங்காக வெட்டி வைத்திருந்தேன். வெட்டாமல் இருந்திருக்க வேண்டுமாம்.

மடிப்பாக்கம் மாடி:

சிரித்து முடியவில்லை, தொன்னை விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன்.

இரண்டு பேர் தனியாகக் கேட்டதால் இங்கேயே சொல்கிறேன். துப்பாக்கிகளைச் சின்ன ஜிப் பையில், ஒரு பைக்கு ஒன்று என்று போட்டு, பெயர் எழுதிய காகிதத்தையும் உள்ளேயே வையுங்கள், வெளியே ஒட்டினால் ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும். ரப்பர் மாதிரி வளையும் சாமான்களைக் கெட்டிப் பிளாஸ்டிக் ஸ்டாண்டின் மேல் மாதக்கணக்கில் சாய்த்து வைக்காதீர்கள், அதிலிருந்து எண்ணெய் மாதிரி ஒன்று கசிந்து ஸ்டாண்டை உருக்கிவிடும், என்னிடம் ஒன்று அப்படிப் போயிற்று. அப்புறம், துடைக்கும்போது கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துப்பாக்கி அதில் தெரியும்.

பூனை வளர்ப்பவள்:

வேட்டியை விரித்தேன். பூனை வந்து அதில் படுத்துக்கொண்டது.