சொந்தமாக யூனிட் போட மனசைத் தயார் செய்வது எப்படி?

மெர்ச்_திருப்பூர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், வாங்குபவருக்கும் தயாரிப்புக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) தையல் யூனிட் ஆரம்பிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. துணி, அளவு, தரம் எல்லாம் தெரியும், ஆர்டர் தருவதாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. ரிஸ்க் எடுப்பவன்தான் முதலாளி ஆவான் என்று வீடியோக்களில் பேசுவதைக் கேட்டால் இன்னும் பயம்தான் வருகிறது. ஜெயித்தவர்களுக்கு இந்தப் பயமே இருக்காதா?

பவர்டேபிள்:
தம்பி, யூனிட் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பயம் எல்லாருக்கும் இருக்கும், எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மெஷின் வாங்கக் கடன் கிடைக்குமா, ஆர்டர் வருமா என்று கவலைப்படுவார்கள். உண்மையில் யூனிட்டை மூட வைப்பது சனிக்கிழமைச் சம்பளம். டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் வாரா வாரம் கையில் காசு கொடுத்தாக வேண்டும், எக்ஸ்போர்ட்டரிடமிருந்து உங்களுக்கு வருவதோ இரண்டு மாதம் கழித்து, சில சமயம் அதற்கும் மேலே, அதிலும் ஆல்டர் பீஸ் (திருத்த வேண்டிய பீஸ்) என்று டெபிட் நோட் போட்டுக் கழித்துக்கொண்டு வரும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில் போட்ட மாதத்துக்கான வரியை பொதுவாக அடுத்த மாதமே கட்ட வேண்டும், உங்களுக்குப் பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனவே மெஷினுக்குப் போடும் முதலீடு தனி, இந்த இரண்டு மூன்று மாத இடைவெளியைத் தாங்கும் பணம் தனி. இரண்டாவது கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். அப்புறம், உங்களுக்கென்று ஒரு சம்பளம் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் லாபமா நஷ்டமா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கணக்குப்பிள்ளை77:
மேலே அண்ணன் சொன்னதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி, பெரிய கம்பெனிகளை உருவாக்கிய 27 பேரிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, அதை எப்படித் தொடங்குவீர்கள் என்று சத்தமாக யோசிக்கச் சொன்னார். 2001-இல் அதை எழுதி வெளியிட்டார். எவ்வளவு லாபம் வரும் என்று கணிப்பதை விட, போனால் எவ்வளவு வரை தாங்க முடியும் என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்த்திருக்கிறார்கள். கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும் என்பதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதைத் தைரியம் என்று விற்கும் வீடியோக்கள் மேல் எனக்குக் கோபமே வரும், அதை நம்பி வீட்டை அடமானம் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஹட்சன் பால் நிறுவனத்தின் ஆர்.ஜி. சந்திரமோகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் ஐஸ் மிட்டாய் தயாரிப்பில் இறங்கியவர். நகரத்துக் கடைகளில் பெரிய பிராண்டுகள் உட்கார்ந்திருந்தன. அவர் கல்லூரிக் கேன்டீன்களுக்குப் போனார், பிறகு பெரிய ஆட்கள் எட்டிப் பார்க்காத சிறிய ஊர்களுக்குப் போனார், அவருடைய அருண் ஐஸ்கிரீம் வளர்ந்தது அப்படித்தான். உங்களுக்குக் கையில் இருப்பது தரம் தெரிந்த கண், பையரின் (சரக்கு வாங்குபவரின்) மனசு தெரிந்த அனுபவம். எந்த வேலையை மற்ற யூனிட்காரர்கள் சின்ன ஆர்டர் என்று தட்டிக்கழிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஈரோட்டு_அக்கா:
தம்பி, 'ஆர்டர் தருவதாகச் சொன்னவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். முகத்துக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பீஸுக்கு என்ன ரேட், எந்தத் தேதியில் பணம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், யார் நிஜமான ஆள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், முதலில் அதைச் செய்யுங்கள். 2006-ஆம் வருடத்துச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதமானால் வட்டி கேட்கலாம். ஆர்டர் போய்விடுமே என்று பலர் புகார் செய்யத் தயங்குகிறார்கள் என்பதும் உண்மை, அதனால் ஒரே கம்பெனியை நம்பி யூனிட் போடாதீர்கள். வீட்டுக்காரம்மாவிடம் தொகையைச் சொல்லிப் பேசுங்கள், இவ்வளவு வரை போகலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் போட மாட்டேன் என்று. நகை அந்தக் கணக்கில் வரக் கூடாது.

மெர்ச்_திருப்பூர்:
மூவருக்கும் நன்றி. சனிக்கிழமைக் கணக்கை இதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை. பத்து மெஷினுக்குப் பதில் நாலு மெஷினில், சாம்பிள் தைக்கும் வேலையும் சின்ன ஆர்டர்களும் மட்டும் எடுத்து ஆரம்பித்தால் சரி வருமா?

பவர்டேபிள்:
சாம்பிளுக்கு ரேட் நன்றாகவே கிடைக்கும், ஆனால் எல்லா வகையும் தைக்கத் தெரிந்த டெய்லர் வேண்டும், அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். ஓரம் அடிக்க ஓவர்லாக் ஒன்று, மடிப்புத் தைக்க பேட்லாக் ஒன்று, நேர்த்தையலுக்குச் சிங்கர் இரண்டு என்று வாடகைக்கோ பழசாகவோ எடுத்துப் பாருங்கள். முதலில் டெய்லரை உறுதி செய்யுங்கள், மெஷின் பிறகு.