ஹெரால்டுக்கு எத்தனை கதவு?

குழு: வண்டிப்பாளையம் வீடு

வெள்ளி, இரவு 8.10

பெரியமாமா: சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூரில் பேசிவிட்டேன். 14-ஆம் தேதி கிடைக்கும் என்கிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சித்தி: அப்பாவால் அவ்வளவு நேரம் காரில் உட்கார முடியுமா அண்ணா? சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். திருவந்திபுரம் பக்கத்திலேயே இருக்கிறது.

சின்னமாமா: அதைத்தான் நானும் சொன்னேன்.

பெரியமாமா: எப்போது சொன்னாய்?

திவ்யா: பாட்டி திருக்கடையூர்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அருண்: எங்கே வைத்தாலும் எனக்கு இரண்டு நாள்தான் லீவு.

செந்தில்: இடம் எதுவானாலும் சரி, எனக்கு எல்லோரும் ஒரு உதவி செய்ய வேண்டும். தாத்தா இந்தக் குழுவில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அவருடைய பழைய ஹெரால்ட் காரைச் சின்னதாகச் செய்து அன்றைக்கு அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அருண் சிங்கப்பூரிலிருந்து, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற ஏர்ஃபிக்ஸ் கிட் வாங்கி வந்துவிட்டான். 1:32 அளவு. நிஜக் கார் 12 அடி 9 அங்குலம், இது 12 சென்டிமீட்டர். உள்ளங்கையில் நிற்கும். ஒரே சிக்கல், பெட்டியில் இருப்பது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட், இரண்டு கதவு. அந்தக் காரைத்தான் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரித்தது. 1968-இல் மார்க் 3 வந்தபோது நான்கு கதவு ஆனது, அதுவும் நம் நாட்டில் மட்டும். நம்முடையது 1970 மாடல் என்று அம்மா சொல்கிறார். அப்படியென்றால் நான்கு கதவாக இருக்க வேண்டும். யாருக்காவது உறுதியாக நினைவிருக்கிறதா? கதவு, நிறம், நம்பர் மூன்றும் ஞாயிறுக்குள் வேண்டும். பக்கவாட்டில் எடுத்த போட்டோ இருந்தால் தெய்வமே என்று கும்பிடுவேன்.

பெரியமாமா: இரண்டு கதவு.

சின்னமாமா: நான்கு.

பெரியமாமா: அப்பா வண்டி வாங்கியது 1979. உனக்கு அப்போது ஐந்து வயது. முன் சீட்டை மடக்கிவிட்டுத்தான் நாம் பின்னால் ஏறுவோம்.

அம்மா: அது எதிர்வீட்டு டாக்டர் கார் அண்ணா. அவர் வண்டியில்தான் சீட்டை மடக்க வேண்டும்.

பெரியமாமா: டாக்டர் காரில் நாம் எப்போது ஏறினோம்?

அம்மா: உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது.

திவ்யா: பாட்டி சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வரும்போது கெடிலம் பாலத்துக்கிட்டே பின் கதவு தானாகத் திறந்துகொண்டது. பழம் உருண்டு ஓடிவிட்டது. உங்கள் தாத்தா வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் பழத்துக்குப் பின்னால் ஓடினார். திறந்தது முன் கதவு என்றால் நான் அல்லவா உருண்டிருப்பேன்?"

அருண்: நான்கு கதவு. வழக்கு முடிந்தது.

சித்தி: பழம் கிடைத்ததா?

திவ்யா: கிடைத்ததாம். கூழன் பழம் இல்லை, வருக்கையாம். அதையும் எழுதச் சொன்னார்.

செந்தில்: பாட்டிக்குக் கோடி நன்றி. இனி கிட்டில் இருக்கிற கதவுக் கோட்டைப் புட்டி வைத்து மூடிவிட்டு, முன் கதவைக் குறுக்கி, பின் கதவுக்குப் புதுக் கோடு கீற வேண்டும். கத்தியின் கூர்முனையால் கீறக் கூடாது, பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு ஓடிவிடும். முனையைத் திருப்பி, முதுகுப் பக்கத்தால், ஒட்டிய டேப்பின் ஓரமாகவே அழுத்தாமல் பத்துப் பன்னிரண்டு தடவை இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் முடி மாதிரி ஒரு சுருள் வரும். கை நடுங்கினால் போச்சு. அதனால்தான் முதலிலேயே உறுதியாகக் கேட்டேன்.

ராணி அத்தை: நிறம் என்னவென்று முடிவாயிற்றா? எனக்குச் சாம்பல் நிறம்தான் ஞாபகம்.

பெரியமாமா: நீ இந்த வீட்டுக்கு வந்தபோது அது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. வெளிர் நீலம்.

அம்மா: பச்சை. என் கல்யாண ஊர்வலத்தில் பச்சைக் காரில்தான் உட்கார்ந்தேன். இது கூடவா மறக்கும்?

சித்தி: சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள்? போன தடவை சாம்பாரில் உப்பே இல்லை.

பெரியமாமா: அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட மாட்டேன்.

சித்தி: அப்படியென்றால் யார்?

பெரியமாமா: முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்.

அருண்: போட்டோ எதுவும் இல்லையா அத்தை?

அம்மா: கல்யாண ஆல்பம் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதிலும் காரின் முன்பக்கம்தான் தெரிகிறது, மாலை மூடியிருக்கிறது.

அருண்: காரிலிருந்து எதையாவது எடுத்து வைத்திருக்கிறோமா? ஒரு துண்டு தகரம்கூடப் போதும்.

பெரியமாமா: எப்படி இருக்கும்? தானே புயல் முடிந்த மறுவாரமே காயலான் கடைக்குப் போட்டாயிற்றே. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல்.

இரவு 8.52

செந்தில்: மாமா, அதை விடுங்கள்.

பெரியமாமா: நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அப்பா ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை.

சனி, காலை 6.35

சுதா அத்தை: எல்லோருக்கும் காலை வணக்கம். டிக்கி மூடி எங்கள் வீட்டில் இருக்கிறது. கொல்லையில் கோழிக் கூண்டுக்கு மேல் போட்டிருக்கிறோம். அவர் ராத்திரி முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அதனால் நானே சொல்கிறேன்.

அருண்: அத்தை!

அம்மா: கூண்டுக்கு மேல் இருப்பது அதுவா? நான் ஏதோ தகரம் என்று நினைத்தேன்.

சின்னமாமா: வேப்பமரம் கூரை மேல் விழுந்து பானட், கதவு எல்லாம் நசுங்கிவிட்டது. டிக்கி மட்டும் நேராக இருந்தது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

பெரியமாமா: இத்தனை வருடம் சொல்லவே இல்லையே.

சின்னமாமா: நீங்கள் கேட்கவில்லை.

செந்தில்: சின்னமாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வேலை செய்யுங்கள். ஹார்டுவேர் கடையில் 400 நம்பர் வாட்டர் பேப்பர் ஒன்று வாங்குங்கள். மூடியின் உள்பக்கம் வெயில் படாத ஓரமாகப் பார்த்து, தண்ணீர் தொட்டு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். அழுத்தாதீர்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். ஓரம் சரிவாகத் தேய்ந்து வந்தால் எத்தனை கோட் பெயின்ட் இருக்கிறதோ அத்தனையும் மரத்தின் வயது வளையம் மாதிரி தெரியும். நடுவில் இருப்பது முதல் நிறம். தேய்த்ததும் ஈரத்தோடு ஒரு படம், காய்ந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். நிழலில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

சின்னமாமா: சரி.

சனி, காலை 10.20

சின்னமாமா: (படம்)

சின்னமாமா: (படம்)

திவ்யா: அழகாக இருக்கிறது சித்தப்பா. வெளியே பச்சை, அதற்குள் ஒரு வெள்ளை வளையம், அதற்குள் நீலம், நடுவில் சிவப்பு.

செந்தில்: நடுவில் செங்கல் நிறமாக இருப்பது பிரைமர். அதை ஒட்டி இருக்கிற வெளிர் நீலம்தான் கம்பெனி பெயின்ட். மேலே வெள்ளையாக இருப்பது புட்டியோ, இரண்டாவது பிரைமரோ. அதற்கு மேல் பச்சை. பெரியமாமா சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி.

அம்மா: கல்யாணத்துக்கு முன்னால் அடித்திருப்பார். எனக்காக.

ராணி அத்தை: சாம்பல்?

செந்தில்: காய்ந்த படத்தில் பச்சையின் வெளி ஓரத்தைப் பாருங்கள் அத்தை, வெளுத்துச் சாம்பலாகத்தான் இருக்கிறது.

ராணி அத்தை: அதைச் சொல்லுங்கள்.

பெரியமாமா: தம்பி, அந்த மூடியைக் கோழி மேல் போட்டு வைக்காதே. துடைத்து உள்ளே எடுத்து வை. நான் புதன்கிழமை வருகிறேன்.

சின்னமாமா: சரி அண்ணா.

அருண்: எந்த நிறம் அடிக்கப் போகிறாய்?

செந்தில்: இன்னும் தெரியவில்லை. தாத்தா வாங்கிய கார் நீலம், ஓட்டித் தேய்த்த கார் பச்சை. எதுவானாலும் கொஞ்சம் வெள்ளை கலந்துதான் அடிப்பேன். சின்ன உருவத்தில் அதே நிறத்தை அடித்தால் அடர்த்தியாகத் தெரியும். அப்புறம் இந்த மழை. ஈரக் காற்றில் லேக்கர் பெயின்ட் அடித்தால் காய்வதற்குள் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். போன ஐப்பசியில் வேறொரு காரில் அது நடந்தது. சரிசெய்யப் போய், கடையில் வாங்கிய என்.சி. தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தேன், கூரை மெழுகு மாதிரி குழைந்துவிட்டது. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், அது தின்னரைத் தாங்காது. இந்தக் கிட் ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதனால் இரண்டு நாள் நல்ல வெயிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பெரியமாமா: ஏ.சி. ரூமில் அடி.

அம்மா: வேண்டவே வேண்டாம். அந்த வாசனை வீடு முழுக்க வரும், குழந்தை இருக்கிறது. மொட்டை மாடியில் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

சித்தி: நம்பர்?

சின்னமாமா: கடைசியில் 4127.

பெரியமாமா: 4172.

திவ்யா: பாட்டிக்குத் தெரியாதாம். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, அது மட்டும்தான் தெரியுமாம்.

செந்தில்: ஆர்.சி. புத்தகம் இருந்தால் தேடுங்கள். இல்லாவிட்டால் டிக்கியைத் திறந்து வைத்துப் பின் நம்பரை மறைத்துவிடலாமா என்று பார்க்கிறேன், முன் நம்பர் எப்படியும் மறைந்துவிடும். ஏனென்றால் பானட்டைத் தூக்கித்தான் வைக்கப் போகிறேன். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து மொத்த முன்பக்கமும் முன்னால் சாயும் இல்லையா, டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். எனக்கு நினைவு தெரிந்து தாத்தா என்றால் அந்த டயர் மேல் உட்கார்ந்திருப்பவர்தான். வண்டி ஓடாமல் நின்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார். அப்படியே அவரையும் செய்கிறேன்.

அருண்: தாத்தா பொம்மையா? எப்படி?

செந்தில்: 54 மில்லிமீட்டர் பொம்மைச் சிப்பாய்கள் ஏறக்குறைய இதே அளவு. இடுப்பிலும் முழங்காலிலும் அறுத்து மடக்கி, இடைவெளியைப் புட்டியால் நிரப்ப வேண்டும். வேட்டிக்கு டிஷ்யூ பேப்பர். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நனைத்துப் போர்த்தினால் மடிப்பு தானாக விழும். இன்ஜின் வயருக்குத் தையல் நூல். கதவுக் கைப்பிடிக்கு, கிட்டில் மீந்த பிளாஸ்டிக் குச்சியை அகல்விளக்குச் சுடருக்கு மேல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் கம்பி மாதிரி நீளும். ஜன்னல் கண்ணாடியை மட்டும் சூப்பர் குளூவில் ஒட்டக் கூடாது, புகை படிந்ததுபோல் ஆகிவிடும். அதற்கும் ஃபெவிகால்தான்.

சுதா அத்தை: டேஷ்போர்டில் பிள்ளையார் இருப்பார்.

அம்மா: பாடலீஸ்வரர் படம்.

சின்னமாமா: இரண்டும்.

செந்தில்: பிள்ளையார் ஒன்றரை மில்லிமீட்டர் வருவார். ஊசிமுனையில் புட்டி எடுத்து வைத்துவிடுகிறேன்.

திவ்யா: பாட்டி ஒரு வாய்ஸ் அனுப்பச் சொன்னார், நானே எழுதிவிடுகிறேன். "உங்கள் தாத்தா டயரில் உட்காரும் முன்னால் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். வண்டி மேல் செருப்புக் கால் படக் கூடாது என்பார். அதை விட்டுவிடாதே என்று சொல்."

செந்தில்: விட மாட்டேன். செருப்பு எட்டு மில்லிமீட்டர் வரும். வார் வைத்ததா, ரப்பரா?

திவ்யா: தோல் செருப்பு. கட்டைவிரல் வளையம் வைத்ததாம்.

செந்தில்: சரி.

பெரியமாமா: திருக்கடையூருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள்.

சித்தி: மத்தியானம் பேசலாம் அண்ணா, அடுப்பில் வேலையாக இருக்கிறேன்.

சின்னமாமா: 4127தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.