ஃபேர்னஸுக்குச் சிவப்பு அட்டை கட்டிவிட்டார்கள்: உடனே புதிது வாங்கத்தான் வேண்டுமா?

மல்வேர்ன் மகள் கேட்கிறார்:

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபுறோவில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீடு 2006இல் கட்டப்பட்டது. நிலக்கீழ் அறையில் உள்ள ஃபேர்னஸுக்கும், அதாவது எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் கருவிக்கும், அதே வயதுதான். நேற்று மாலை பராமரிப்புக்கென்று வந்த திருத்துநர், வெப்பமாற்றியில் வெடிப்பு விழுந்திருப்பதாகச் சொல்லி, எரிவாயுவை நிறுத்தி, கருவி ஆபத்தானது என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார். அதோடு, புதிய ஃபேர்னஸையும் ஏசியையும் மாத வாடகைக்கு நாளைக்கே பூட்டித் தரலாம் என்று அப்பாவிடம் கையெழுத்தும் கேட்டிருக்கிறார். அப்பா, "மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சமாளித்து அனுப்பிவிட்டார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை. இந்த வெடிப்பு உண்மைதானா என்று நான் எப்படி அறிவது? அதுவரை இருவரையும் குளிரில் எப்படி வைத்திருப்பது?

எரிவாயு வேலைக்காரன்:

தங்கச்சி, நான் ஒன்ராறியோவில், எரிவாயுக் கருவி திருத்துநருக்கான ஜி2 உரிமத்துடன் இந்த வேலை செய்பவன். யார் என்ன சொன்னாலும் நிறுத்திய எரிவாயு வால்வை நீங்களே திறந்துவிடாதீர்கள். வெப்பமாற்றி என்பது எரியும் வாயுவையும் நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரித்து வைக்கும் உலோகச் சுவர். அதில் வெடிப்பு விழுந்தால் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு வீட்டுக் காற்றோடு கலக்கக்கூடும். எரிவாயு கசிந்தால் அழுகிய முட்டை மணம் காட்டிக்கொடுக்கும். காபன் மொனொக்சைட்டுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சிவப்பு அட்டையில் இரண்டு வகை உண்டு. உடனடி ஆபத்து என்றால் ஏ வகை. அப்போது எரிவாயு அங்கேயே நிறுத்தப்படும். பி வகை என்றால் திருத்துவதற்குக் குறிப்பிட்ட கால அவகாசம் தரப்படும். எந்த வகையானாலும், அட்டை கட்டியவரிடமே புதிய ஃபேர்னஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயின் பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்தை அழைத்து, விற்பனைக்காக அல்ல, பரிசோதனைக்காக மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெடிப்பைக் கமரா மூலம் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். காபன் மொனொக்சைட்டு அளவையும் எழுத்தில் கேளுங்கள். உண்மையான வெடிப்பை எவரும் காட்டத் தயங்குவதில்லை. கதவின் உட்பக்க ஒட்டியில் உள்ள தொடர் இலக்கத்தை வைத்து உற்பத்தியாளரிடமும் விசாரியுங்கள், ஏனென்றால் ஃபேர்னஸின் மற்றப் பாகங்களுக்கு உத்தரவாதம் முடிந்த பிறகும் வெப்பமாற்றிக்கு மட்டும் 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ தருபவர்கள் பலர். கூலியைத்தான் நீங்கள் கொடுக்க வேண்டிவரும்.

இன்றிரவுக்கு 1500 வாட் மின் ஹீற்றர் இரண்டு போதும். ஒன்றே 12.5 அம்பியர் இழுக்கும் என்பதால், இரண்டையும் ஒரே 15 அம்பியர் இணைப்பில் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். வெவ்வேறு இணைப்புகளில், நீட்டிப்பு வயர் இல்லாமல் நேரே சுவரில் செருகுங்கள். திரைச்சீலையும் போர்வையும் ஒரு மீற்றர் தள்ளி இருக்கட்டும். சமையல் அடுப்பின் போறணையைத் திறந்துவைத்துக் குளிர்காய்வதோ, பார்பிக்யூவை உள்ளே கொண்டுவருவதோ வேண்டவே வேண்டாம்.

மார்க்கம் பெரியப்பா:

அப்பா கையெழுத்துப் போடாதது பெரிய காரியம், பிள்ளை. நான் 2016இல் வாசலுக்கு வந்தவரிடம் இதே போன்ற வாடகைப் பத்திரத்தில் போட்டுவிட்டு, பிறகு வீட்டுக்கடனைப் புதுப்பிக்கப் போனபோதுதான், என் காணிப் பதிவில் அந்த நிறுவனம் தன் வாடகைக் கருவிக்காக உரிமை அறிவித்தல் ஒன்றைப் பதிந்து வைத்திருப்பதை வழக்கறிஞர் காட்டினார். அதை நீக்க அவர்கள் கேட்ட தொகைக்கு இரண்டு ஃபேர்னஸ் வாங்கியிருக்கலாம்.

சட்டம் இப்போது திருந்தியிருக்கிறது. 2018 மார்ச் 1 முதல், அழையாமல் வீடு தேடி வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கி விற்பது ஒன்ராறியோவில் தடை. 2024 ஜூனில், நுகர்வோர் பொருட்களுக்காகக் காணிப் பதிவில் அப்படி அறிவித்தல் பதிவதையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக இருந்தால், பத்திரத்தின் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். ஆனாலும் மாதம் 150 டொலர் என்று சிறிதாகச் சொல்வதை 10 ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 18,000 டொலர்.

ஏஜக்ஸ் வாசகி:

ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். 2009 முடிவில்தான் கனடாவில் ஃபேர்னஸுக்குக் குறைந்தது 90 வீதத் திறன் கட்டாயமானது. ஆகவே உங்களுடையது புகைபோக்கி வழியே புகை விடும் பழைய வகையாக இருக்கக்கூடும். புதியது பிளாஸ்டிக் குழாயால் பக்கச் சுவர் வழியே வெளியேற்றும். அப்போது அதே புகைபோக்கியில் சுடுநீர்த் தாங்கி தனியே மிஞ்சினால், அதன் சிறிய புகை அந்தப் பெரிய குழாய்க்குள் குளிர்ந்து மேலே ஏறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதைத் தடுக்கப் புகைபோக்கிக்குள் சிறிய உட்குழாய் போடும் செலவையும் விலைக்கூற்றில் கேளுங்கள்.

ஏசியும் பழையதென்றால் அதற்குப் பதிலாக, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீற் பம்ப் வைப்பதை யோசியுங்கள். கோடையில் குளிரூட்டும், ஒக்டோபர், ஏப்ரல் போன்ற மிதமான மாதங்களில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் தரும். குளிர் கடுமையாகும்போது அந்த விகிதம் குறைவதால், அப்போது ஃபேர்னஸ் ஏற்றுக்கொள்ளுமாறு அமைத்துக்கொள்ளலாம். பழைய ஃபேர்னஸ் மணிக்கு எத்தனை பிரிட்டிஷ் வெப்ப அலகோ அதே அளவில் புதியதை வாங்காமல், சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தரநிலைப்படி வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் பெரிதானால், நிமிடத்துக்கு நிமிடம் எரிந்து அணைந்து, பாகங்கள் விரைவில் தேயும்.

மல்வேர்ன் மகள்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வந்த இரண்டாவது திருத்துநர் கமராவை உள்ளே விட்டுக் காட்டினார். வெடிப்பு உண்மையானதுதான், ஆகவே முதலாமவரின் அட்டையில் பொய்யில்லை. வாடகைப் பத்திரத்தைத்தான் வேண்டாம் என்று விட்டோம். 2006இல் பூட்டியவர் பதிவு செய்யாததால் உத்தரவாதம் கிடைக்கவில்லை. வெப்ப இழப்பைக் கணக்கிட்டதில் 60,000 அலகு போதும் என்றார்கள்; பழையது 100,000. உட்குழாயையும் சேர்த்து விலைக்கூற்று எழுதச் சொல்லியிருக்கிறேன். ஹீற் பம்ப்பைப் பற்றிக் கோடைக்கு முன் முடிவெடுப்போம்.

இன்னொன்று: படுக்கையறைக்கு வெளியே இருந்த காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியைக் கழற்றிப் பார்த்தால், 2019உடன் அதன் ஆயுள் முடிந்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

எரிவாயு வேலைக்காரன்:

2026 ஜனவரி 1 முதல் படுக்கையறைகளுக்கு அருகில் மட்டுமன்றி ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கருவி இருக்க வேண்டும், தங்கச்சி. நிலக்கீழுக்கும் ஒன்று வாங்குங்கள்.