ஸ்கூட்டர் எஞ்சினை நாமே பராமரிக்க: சீட் பாக்ஸில் ஓட்டை போடலாமா, கூடாதா?

வைகைக்கரை:

எங்கள் வீட்டில் ஓடுவது கியர் இல்லாத 110 சிசி ஸ்கூட்டர். பிஎஸ்4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி) காலத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள மாடல். போன வாரம் எஞ்சினில் பொறி உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்ற உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றி மாட்டுவது சில நிமிட வேலை. ஆனால் அது கண்ணில் படுவதற்கே சீட்டைத் தூக்கி, சீட் பாக்ஸ் போல்ட்டுகளை எடுத்து, பாக்ஸை வெளியே வைத்து, காலுக்கு நேரே இருக்கும் கவரையும் நெகிழ்த்த வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற பிளாஸ்டிக். உள்பக்க லாக்குகள் பட்டுப் பட்டென்று முறிந்தன. இப்போது வேகத்தடையில் ஏறினால் கடகடவென்று சத்தம்.

அப்பாவின் பஜாஜ் சேத்தக்கில் இதே வேலைக்கு வலதுபக்க மூடியை எடுத்தால் போதும், எஞ்சின் முழுக்க முன்னால் நிற்கும். சேத்தக் 1972-இல் வந்தது. அதன் மூதாதையான வெஸ்பா 1946-இல் வந்தது. அன்றைக்கே யோசித்து வைத்த ஒரு வசதியை இன்றைய ஸ்கூட்டரில் ஏன் தொலைத்தோம்?

கம்பெனிகள் செய்யும்வரை காத்திருக்க முடியாது. சீட் பாக்ஸின் அடித்தட்டில் கைபோகும் அளவுக்குச் சதுரமாக அறுத்து, ரப்பர் பீடிங் வைத்து, அலுமினியத் தகட்டால் மூடி போடலாம் என்று இருக்கிறேன். செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பட்டறை_திண்டுக்கல்:

தம்பி, அறுக்காதீங்க. நான் பட்டறை வைத்திருப்பவன். எனக்கு வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொல்லவில்லை.

முதல் விஷயம், உங்கள் ஓட்டையில் பிளக் தெரியாது. இந்த வண்டிகளில் சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த நிலையில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பிளக், சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் கார்புரேட்டரும் டேப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) கவரும்தான் கண்ணில் படும். பிளக்குக்கு வழி முன்பக்கம்தான்.

இரண்டாவது, அந்த அடித்தட்டு சும்மா இல்லை. கீழே எஞ்சின் சூடு, கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆனால் பெட்ரோல் ஆவி. மேலே நீங்கள் வைப்பது மழைக்கோட்டு, பிள்ளைகளின் பள்ளிப் பை, சில பேர் சானிடைசர் பாட்டில்கூட. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை வீட்டு ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு ரப்பர் பீடிங்கை நம்புவதா? பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும்.

மூன்றாவது, தினப்படி பராமரிப்புக்கு எந்த பாடியைக் கழற்றுகிறீர்கள்? ஆயில் டிப்ஸ்டிக் வெளியே இருக்கிறது. ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட் அடியில் இருக்கிறது. பின்சக்கரத்தைச் சுற்றும் பற்சக்கரங்களுக்கான கியர் ஆயில் போல்ட் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். ஏர் ஃபில்டர் இடதுபக்கம், சில ஸ்க்ரூக்கள்தான். இதில் ஒன்றுக்கும் சீட் பாக்ஸைத் தொட வேண்டாம்.

தில்லைநகர்_வாசி:

பட்டறைக்காரர் அண்ணன் மூன்றாவதாகச் சொன்னதுதான் சரி. நான் 125 சிசி ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், ஆயில் மாற்றுவது வீட்டு வாசலில்தான். வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு மெயின் ஸ்டாண்டில் நிறுத்துவேன். சூட்டில் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடோடு இறங்கும். அகலமான பழைய டப்பா ஒன்றைக் கீழே வைத்து போல்ட்டைக் கழற்றினால் முதலில் வேகமாகக் கொட்டும், அப்புறம் நூலாகி, கடைசியில் சொட்டாகும். சொட்டு நின்றபிறகுதான் புது வாஷரோடு போல்ட்டை ஏற்றுவேன். பொதுவாக ஒரு லிட்டருக்குக் குறைவுதான் பிடிக்கும். ஸ்கூட்டருக்கென்றே 800 மில்லி பாட்டில் விற்கிறார்கள்.

இதில் பாடி எங்கே தடை? தடையாக இருப்பது தெரியாமைதான். எங்கள் தெருவில் நிறைய பேர் பைக்குக்கு வாங்கிய ஆயிலை ஸ்கூட்டருக்கும் ஊற்றுகிறார்கள். பாட்டிலில் ஜாஸோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ, எம்பி என்று போட்டிருக்கும். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கியிருப்பதால் வழுக்கக் கூடாது, அதற்கு எம்ஏ. நம் ஸ்கூட்டரில் கிளட்ச்சும் பெல்ட்டும் உலர்ந்த அறையில் தனியாக ஓடுகின்றன. அதனால் உராய்வு குறைந்த எம்பி ஆயில். எம்ஏ ஊற்றினால் எஞ்சின் உடைந்துவிடாது, ஆனால் கம்பெனி எதற்காக எம்பி சொல்கிறதோ அந்தப் பலன் கிடைக்காது. அடுத்து கியர் ஆயில். 100, 120 மில்லி சமாச்சாரம், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஓட்டை போடுவதைப் பற்றிப் பேசும் முன் இதையெல்லாம் பேச வேண்டாமா?

வைகைக்கரை:

பேசலாங்க அக்கா. ஆனால் பராமரிப்பு என்றால் ஆயில் மட்டும்தானா? பிளக், டேப்பெட் இடைவெளி, கார்புரேட்டர் சுத்தம், கூலிங் ஃபேன் கவருக்குள் அடைத்த தூசி. கையேட்டின் அட்டவணையில் பாதி வேலை பாடிக்குள்தான் இருக்கிறது.

அண்ணே, பிளக்குக்கு வழி முன்பக்கம் என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஹோண்டா ஸ்கூட்டர் சிலவற்றில் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்துக்கு மேலே சின்ன மூடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் பிளக் கேப் கைக்கு எட்டும். தைவான் ஜிஒய்6 எஞ்சின் போட்ட பல ஸ்கூட்டர்களில் சீட் பாக்ஸ் அடியிலேயே கம்பெனி மூடி இருக்கிறது. நான் போடப்போவதும் அதைத்தான். அங்கே சூடும் பெட்ரோல் ஆவியும் இல்லையா? என் வண்டியில் இரண்டு மூடியும் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வியே.

வேளச்சேரி_ரைடர்:

எனக்கு இந்த விவாதத்தின் அடிப்படையே புரியவில்லை. சர்வீஸ் சென்டர் எதற்கு இருக்கிறது? காலையில் விட்டால் மாலையில் எடுக்கிறோம். நான் இருப்பது அடுக்குமாடி. பார்க்கிங்கில் ஒரு சொட்டு ஆயில் சிந்தினாலும் அசோசியேஷன் கூப்பிடும். கழற்றிய ஆயிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. பலபேர் சாக்கடையில்தான் ஊற்றுகிறார்கள், இதை யாரும் மறுக்க முடியாது. அதோடு வாரண்டி. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்த பதிவு இல்லையென்றால் நாளைக்கு எஞ்சினில் ஒரு குறை வரும்போது யார் பொறுப்பு?

பழைய வண்டியில் எஞ்சின் திறந்து கிடந்தது என்று பெருமைப்படுகிறோம். திறக்க வேண்டிய அவசியம் அடிக்கடி வந்ததால்தான் அப்படி வைத்தார்கள். டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து எரிந்தது, பிளக்கில் கரி கட்டியது. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தத் தொல்லை இல்லை. பல மாதங்களுக்கு ஒருமுறை திறக்கும் இடத்துக்கு வாசல் எதற்கு?

பழைய_சேத்தக்:

வேளச்சேரி நண்பர் சொன்னதில் பாதி உண்மை. கரி கட்டியது, துடைத்தோம். சைலன்சரைக் கழற்றிக் கரி எரித்தோம். அதற்கு மூடி வசதியாக இருந்தது. ஆனால் அந்த மூடியால் வேறொன்றும் நடந்தது. வண்டி வாங்கியவன் எஞ்சினைக் கண்ணால் பார்த்தான். எங்கே ஆயில் கசிகிறது, எந்தக் கேபிள் பிரிகிறது என்று வாராவாரம் துடைக்கும்போதே தெரிந்தது. இன்றைக்கு அடியில் கசிந்த ஆயில் தரையில் வட்டம் போட்டபிறகுதான் தெரிகிறது.

அடிக்கடி திறக்க வேண்டாம் என்பதால் சுலபமாகத் திறக்கவும் வேண்டாம் என்பது எப்படி நியாயமாகும்? அரிதாகச் செய்கிற வேலையில்தான் கை பழகியிருக்காது. அங்கேதான் லாக் முறிகிறது.

தில்லைநகர்_வாசி:

வேளச்சேரி நண்பருக்கு: கழிவு ஆயில் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமானது. நான் புது ஆயில் வந்த பாட்டிலிலேயே ஊற்றி மூடி, தெருமுனைப் பட்டறையின் பீப்பாயில் சேர்த்துவிடுகிறேன். அவர்கள் மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் கொடுக்கிறார்கள். பட்டறையில் முன்கூட்டியே கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. வாரண்டி காலத்தில் சர்வீஸ் சென்டரில்தான் விட வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அது முடிந்தபிறகும் வண்டி பல வருடம் ஓடுமே?

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியிலேயே எத்தனை ஸ்கூட்டர் முழுகிக் கிடந்தன? எல்லா சர்வீஸ் சென்டரிலும் வரிசை. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், டிரெயின் போல்ட்டைக் கழற்றி, மோர் நிறத்தில் வரும் ஆயிலை இறக்கத் தெரிந்தவர் எஞ்சினைக் காப்பாற்றியிருப்பார். தெரியாதவர் செல்ஃபை அழுத்தி அழுத்திப் பார்த்திருப்பார்.

வேளச்சேரி_ரைடர்:

அந்த வாரத்தில் எங்கள் அடுக்குமாடியில் நடந்தது நீங்கள் சொன்னதேதான். கீழ்த்தளத்து வண்டிகளில் சிலவற்றை செல்ஃப் அடித்தே கெடுத்தார்கள். அவசரத்துக்கு ஆயில் இறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். டேப்பெட் வரைக்கும் வீட்டிலேயே என்பதை ஏற்க மாட்டேன். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6. புது ஸ்கூட்டர்கள் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு வந்துவிட்டன. வண்டியின் பெட்ரோல் பம்பிலிருந்து எஞ்சினுக்கு வரும் லைனில் 3 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும். மூடியைப் பெரிதாக்கினால் தெரியாதவர்கள் அதிலும் கை வைப்பார்கள்.

பட்டறை_திண்டுக்கல்:

பட்டறைக்கு வரும் கேஸ்களைச் சொல்கிறேன், யாரையும் குறை சொல்ல இல்லை. வீட்டில் செய்து கெட்டு வருவதில் அதிகம் டிரெயின் போல்ட் மரை போன வண்டிகள். எஞ்சின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. கசியக் கூடாதே என்று நீளமான கைப்பிடி போட்டு முழு பலத்தில் முறுக்கினால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, கேஸின் மரை உரிந்துகொண்டு வரும். பிறகு ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட வேண்டும். கசிவைத் தடுப்பது வாஷர். முறுக்கு அளவு கையேட்டில் இருக்கிறது.

அடுத்து ஏர் ஃபில்டர். பேப்பர் ஃபில்டரில் ஆயில் தோய்த்து வருகிற வகை ஒன்று உண்டு, தொட்டால் பிசுபிசுக்கும். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். காற்றடித்தால் தூசியைப் பிடிக்கிற ஆயிலே போய்விடும். இதைச் சில பட்டறைகளிலேயே தப்பாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது பிளக். ஸ்பானரை வைத்ததுமே முறுக்காதீங்க. கையால் மரையில் உட்காரவைத்து, கையாலேயே அடிவரை ஓட்டிவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பானர். பல ஸ்கூட்டர் பிளக்குக்கு 16 மி.மீ. பாக்ஸ் வேண்டும். டூல் கிட்டில் இல்லையென்றால் தனியாக வாங்கிவிடுங்கள். இடுக்குக்குள் ஓப்பன் ஸ்பானரை நுழைத்தால் பிளக்கின் பீங்கான் விரிசல் விடும்.

ஆகவே தம்பி, பாதை குறுகலாக இருப்பதால் கெடும் வண்டியைவிட, பாதை இருந்தும் கெடும் வண்டி அதிகம்.

வைகைக்கரை:

அண்ணே, நீங்கள் கடைசியாகச் சொன்ன பிளக் விஷயமே எனக்குச் சாட்சி. கையால் மரையில் உட்காரவைக்கச் சொல்கிறீர்கள். இரண்டு விரல் நுழையாத இடுக்கில் எப்படிக் கையால் உட்காரவைப்பது? இடம் இருந்தால் சரியாகச் செய்வான், இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் ஸ்பானர் போடுவான். மரை போனவனைப் பழிப்பதற்குமுன் அவனுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இது நம் உரிமையும்கூட. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாதனங்களோடு வாகனமும் சேர்ந்திருக்கிறது. கையேடு, உதிரி பாகத்தோடு நிறுத்தாமல், திறக்கும் வழியையும் அதில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஷோரூமில் மைலேஜ் கேட்கிறோம், டிக்கி அளவு கேட்கிறோம். பிளக் மாற்ற எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

பழைய_சேத்தக்:

அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். வாங்குபவர் கேட்காத வசதியை எந்தக் கம்பெனியும் தராது.

பட்டறை_திண்டுக்கல்:

இடம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வேலை செய்து கை கிழிகிறவர்கள் நாங்கள்தான். கம்பெனி மூடி கொடுத்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான். நீங்கள் வீட்டில் அறுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். கம்பெனி மூடிக்கு அச்சிலேயே விளிம்பு, சீல் உட்காரும் பள்ளம் எல்லாம் சேர்த்து வார்த்திருப்பார்கள். அறுத்த தட்டில் அது வராது. எஞ்சின் அதிர்வில் அறுத்த மூலையிலிருந்து விரிசல் ஓடும்.

அறுக்காமல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முறிந்த லாக் இருக்கும் இடத்தில் தகட்டு கிளிப் நட்டு வைத்து, சின்ன ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். அடுத்தமுறை கவரை நெகிழ்த்த வேண்டாம், ஸ்க்ரூவைக் கழற்றினால் நேராக வரும். சத்தமும் போகும். சீட் பாக்ஸ் போல்ட்டுகளில் துளி கிரீஸ் தடவி வைத்தால் துரு பிடித்து மக்கர் பண்ணாது. டேப்பெட் பார்க்கிற அன்றைக்கே பிளக், கார்புரேட்டர், ஃபேன் தூசி எல்லாம் சேர்த்து முடித்துவிடுங்கள். பாடி ஒருமுறை கழன்றால் போதும். டேப்பெட் மட்டும் எஞ்சின் முழுக்க ஆறியபிறகு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரவு நிறுத்தியதைக் காலையில் பார்ப்பது நல்லது.

வைகைக்கரை:

கிளிப் நட்டு யோசனை நல்லது, இந்த ஞாயிறு போட்டுவிடுகிறேன். மூலையில் விரிசல் ஓடும் என்றதால் அறுக்கும் வேலையை நிறுத்தி வைக்கிறேன். கம்பெனி மூடி உள்ள வேறு மாடலின் சீட் பாக்ஸ் என் வண்டிக்குப் பொருந்துமா என்று பழைய பாகக் கடையில் அளந்து பார்க்கப்போகிறேன். பொருந்தினால் அதையும் எதிர்ப்பீர்களா அண்ணே?

பட்டறை_திண்டுக்கல்:

போல்ட் ஓட்டைகள் நேராக உட்கார்ந்து, சீட் லாக் சரியாக விழுந்தால் எதிர்க்க மாட்டேன். வாங்குவதற்கு முன் ஏர் ஃபில்டர் குழாய்க்கும் பாக்ஸ் அடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். வண்டி நிற்கும்போது இடிக்காதது, இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் விட்டால் இடிக்கும்.