ஸ்லப் பிழைச் செய்தியில் உண்மையான காரணத்தைக் காண்பது எப்படி?

கேள்வி: லினக்ஸ் 5.10 கர்னலுக்காக நான் எழுதும் டிரைவரைச் சோதிக்கையில், ஸ்லப் நினைவக ஒதுக்கி, கேமல்லாக்-64 கேஷில் (64 பைட் துண்டுகளை வழங்கும் தொகுப்பில்) "பாய்சன் ஓவர்ரிட்டன்" (விடுவித்த இடத்தில் நிரப்பிய அடையாள பைட்டுகள் மாறிவிட்டன) என்று அறிவிக்கிறது. ஆனால் உடன்வரும் அழைப்புத் தடத்தில் (அப்போது ஒன்றையொன்று அழைத்த ஃபங்ஷன்களின் பட்டியலில்) என் ஃபங்ஷன் ஒன்றுகூட இல்லை. இச்செய்தியை எவ்வாறு பயனுள்ளதாக்கலாம்?

மறுமொழி 1: விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பதினாறடிமான 6பி பைட்டுகளால் நிரப்பி, கடைசி பைட்டில் ஏ5 வைக்கும் ஸ்லப், பெரும்பாலும் அதே இடத்தை அடுத்தவருக்கு ஒதுக்கும்போதுதான் சரிபார்க்கிறது, ஆகவே தடத்தில் இருப்பவர் பிணத்தைக் கண்டெடுத்தவரே தவிர, கொலை செய்தவர் அல்லர். கர்னல் தொடங்கும்போது தரும் பூட் அளவுருவில் ஸ்லப்_டீபக் விருப்பத்துடன் 'யு' எழுத்தையும் சேர்த்தால், அந்த இடத்தை முன்பு ஒதுக்கியதும் விடுவித்ததும் எந்த ஃபங்ஷன் என்பது செய்தியிலேயே அச்சாகும்.

மறுமொழி 2: கேமல்லாக்-64 என்பது பலரும் புழங்கும் பொதுச் சத்திரம். உங்கள் பொருளுக்கெனத் தனிக் கேஷ் உருவாக்கினால், அதன் பெயரே செய்தியில் வரும். டீபக் இயங்கும்போது அது பிற கேஷ்களுடன் இணைக்கப்படாது. மேலும், கர்னல் 4.15 முதல், முகவரியை அச்சிடும் '%பி' குறியீடு உண்மை முகவரியை மறைத்து ஹேஷ் மதிப்பையே (அதிலிருந்து கணக்கிட்ட வேறொரு எண்ணை) அச்சிடுவதால், உங்கள் செய்திகளில் உண்மை முகவரி தெரியாது. அது தேவையானால், சோதனைக் காலத்தில் மட்டும் '%பிஎக்ஸ்' பயன்படுத்துங்கள். எழுதும் அக்கணத்திலேயே பிடிக்க வேண்டுமானால் கேஏசான் (கர்னலின் நினைவகப் பிழை கண்டறியும் கருவி) உதவும், ஆனால் வேகம் வெகுவாகக் குறையும்.

கேட்டவர்: 'யு' சேர்த்ததும், விடுவித்தது என் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன்தான் (சாதனத்தை நீக்கும்போது அழைக்கப்படுவது) எனத் தெரிந்தது. டைமரை நிறுத்தாமலேயே அதைக் கொண்ட ஸ்ட்ரக்சரை விடுவித்திருக்கிறேன்; அதனால் டைமர் பிறகும் அந்த இடத்தில் எழுதியிருக்கிறது. இருவருக்கும் நன்றி.