மேக்ரோ சொன்ன பிழை ஒன்று, இருந்த பிழை வேறொன்று: உங்களுக்கும் நடந்ததா?

ஹட்டன்:
டவுனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ஃபோம் நிரப்புவதுதான் பாதிப் பிழைப்பு. ஆட்டோஹாட்கீ என்று, எழுதி வைத்த வேலையைத் தானாகச் செய்யும் மேக்ரோ மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு எழுத்து தட்டினால் தோட்டம், டிவிஷன், தபாலகம் எல்லாம் தானாக வந்து விழும்படி செய்து வைத்திருந்தேன். போன மாதம் புது கம்ப்யூட்டர் வாங்கினேன், எல்லாம் படுத்துவிட்டது.

முதல் பிழை, கட்டளைக்குப் பின்னால் இடைவெளியோ அடைப்புக்குறியோ வேண்டும் என்றது. அங்கே இருந்த கமாவை எடுத்துவிட்டேன். உடனே, 'முடிஞ்சது' என்று நான் பெட்டியில் காட்டச் சொன்ன சொல்லை ஒரு மாறியாக (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயராக) நினைத்து, இதற்கு மதிப்பு எங்கே என்று கேட்டது. கடையில் ஆள் நிற்கிறது, நான் கமாவோடு மல்லுக்கட்டுகிறேன்.

விஷயம் இதுதான்: புதுக் கம்ப்யூட்டரில் ஏறியது ஆட்டோஹாட்கீயின் 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் கட்டளைக்கு அடுத்து கமா கூடாது, எழுத்தெல்லாம் மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். என் கோப்பு பழைய 1.1 பதிப்புக்கு எழுதியது. முகவரிச் சுருக்கங்களில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரு வரி இப்படிப் பிழையாக இருந்தாலும் முழுக் கோப்பும் ஏறாது. கடைசியில் 1.1ஐயும் பக்கத்திலேயே போட்டு, கோப்பின் தலையில் 'இதற்கு 1.1 வேண்டும்' என்று ஒரு ரிக்வயர்ஸ் வரி எழுதினேன். இரண்டும் சண்டையில்லாமல் ஓடுகின்றன.

பண்டாரவளை:
அண்ணே, உங்களுக்காவது பிழை எதையோ சொன்னது. எனக்கு எக்செல்லில் வந்தது வெறும் 'பிழை 9', எல்லை மீறிய எண் என்று. நான் எந்த எண்ணையும் தொடவே இல்லை! ஷீட்டுக்கு 'கொழுந்து' என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்து, அதே பெயரை மேக்ரோவிலும் ஒட்டினேன், அவ்வளவுதான். எக்செல்லில் மேக்ரோ எழுதும் மொழி விபிஏ. அதை எழுதும் ஜன்னலுக்கு யூனிகோட் தெரியாது, தமிழ் எழுத்து அதில் நிற்காது. ஒட்டின இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிதான். அந்தப் பெயரில் ஷீட் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது. இப்போது ஷீட்டின் உள்பெயரை (ஷீட்1, ஷீட்2) வைத்துக் கூப்பிடுகிறேன். மேலே தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கிறது. இதற்கு இரண்டு ராத்திரி போனது, நடுவில் கரண்டும் போனது.

தலவாக்கலை:
நான் தோட்ட ஒபிஸில் கிளார்க். செக்ரோல் (ஆள் வரவு, சம்பளப் பதிவு) மேக்ரோ எட்டு மாதம் ஒழுங்காக ஓடி, ஒன்பதாவது மாதம் நடுவில் 'பிழை 6, ஓவர்ஃப்ளோ' என்று நின்றது. கொழுந்து நிறைய வந்த மாதம், கிலோ கூடிவிட்டதோ என்று தராசுக் கணக்கையெல்லாம் கிண்டினேன். கங்காணி வேறு, "எங்க கிலோவை வெட்டுறீங்களா தம்பி?" என்று கோபப்பட்டார்.

கிலோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆளுக்கு நாளுக்கு ஒரு வரி, 150 பேர், மாதம் 26 நாள், ஆக 3,900 வரி. எட்டு மாதத்தில் 31,200. வரி எண்ணை வைக்கும் மாறியை இன்டிஜர் வகை என்று அறிவித்திருந்தேன். அது 32,767 வரைதான் கொள்ளும். இன்னும் பெரிய எண் கொள்ளும் லோங் வகைக்கு மாற்றினேன், ஓடியது. கங்காணிக்கு அதை எப்படி விளக்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஹட்டன்:
தம்பி, என்னிடம் இன்டிஜர் போட்ட பில் மேக்ரோ ஒன்று இருக்கிறது. கடையை மூடிவிட்டு அதைத்தான் திறக்கப் போகிறேன்.